பாஸ்கு மாப்பிள்ளை

சேசு மரி சூசை

திண்டுக்கல்
20-4-61

அன்புள்ள மகன் இன்னாசிக்கும் மருமகள் லூர்துக்கும் பேரப்பிள்ளைக்கும் அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, தங்கச்சி செல்வி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீங்களும் அந்தப் பிலாய் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் தினமும் கேட்டுக்கொண்டுதான் வருகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, சுருட்டுக் கம்பெனியில் வேறு பக்கம் மாற்றிவிட்டார்கள், தூசி கம்மி என்கிறார், நான் நம்பவில்லை, சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாதா. தண்ணீர்க் கஷ்டம் வழக்கம்போல்தான், சித்திரை பிறந்ததும் பிறக்காததுமாகத் தெருக்குழாய் நூலாக ஒழுகுகிறது, குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பூசைக்குப் போய் வந்தால் என் குடம் எப்படியோ கடைசிக்குப் போயிருக்கிறது, வேதத்தில் இல்லாதவர்கள் தள்ளினார்கள் என்றாலாவது மனசு ஆறும், முதல் பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு வந்தவளே தள்ளுகிறாள். பேரனுக்குப் பல் முளைத்துவிட்டதா, லூர்து எழுதவே இல்லை. சிறுமலைப் பழம் அனுப்ப ஆசைதான், உங்களிடம் வந்து சேர்வதற்குள் கூழாகிவிடும் என்று அப்பா தடுத்துவிட்டார், நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், நீ வரும்போது கொண்டுபோகலாம். இரும்பாலையில் நெருப்புக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவன் நீ, வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளி, மோர் நிறையக் குடி, வெறும் டீயைக் குடித்தே வயிற்றை நிரப்பாதே.

உன் கடிதம் உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின பெரிய வாரத்தில் வந்தது. அந்த வாரம் கோயில் வேலையும் ஒருசந்தி விரதமுமாகப் போய்விட்டது, அதோடு படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் உடனே எழுதியிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும், அதனால் ஆறவைத்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். சந்தியாகு மாப்பிள்ளை உனக்கு உருக்கமாக எழுதினார் என்றும், மனசு திருந்திவிட்டார் என்றும், மெய்விவாகத்தை மனுசர் பிரிக்கக் கூடாது என்றும், மன்னிக்கிறதுதானே நம் வேதம் என்றும் எழுதியிருக்கிறாய். வைகாசியில் லீவு போட்டு வந்து தங்கச்சி கையைப் பிடித்து நீயே கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டில் விடுவதாகச் சொல்லி அவருக்கு வாக்கும் கொடுத்துவிட்டாயாம். நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தங்கச்சி வாழ்க்கை பாழாகிறதே என்ற கவலை உனக்கு, ஊர் என்ன சொல்லும் என்ற கவலையும் அதில் கொஞ்சம் கலந்திருக்கிறது, அது எனக்கும் இருந்ததுதான். ஆனால் அப்பு, நீ வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் என்று பிறகு சாவகாசமாகப் படி. இதுவரைக்கும் உனக்கு எழுதாததையெல்லாம் இதில் எழுதப்போகிறேன், தூர தேசத்தில் இருக்கிறவன் மனசு கலங்குமே என்று இருந்துவிட்டோம், இனிமேல் மறைத்தால் அவளுக்குத்தான் கேடு.

அவரை நாம் மாப்பிள்ளையாக்கின கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதா. நீ பொன்மலைப் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தாய், உயிர்ப்புத் திருநாளுக்கு வந்தவனையும் சேர்த்துக்கொண்டு எல்லாரும் கட்டுச்சோறோடு குஜிலியம்பாறை பஸ்ஸில் ஏறி அவர்கள் ஊர்ப் பாஸ்கு பார்க்கப் போனோம். சேசுநாதர் பாடுபட்டு மரித்து உயிர்த்த கதையை அந்த ஊர் ஆட்களே வேஷம் கட்டி ஆடுகிற நாடகம், சேசு வேஷம் சந்தியாகுதான். சேவகர்கள் சாட்டையை ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள், அவர் வாயைத் திறக்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை, சிலுவையைத் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தபோது பெண்கள் எல்லாரும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதோம். அப்பாகூடத் துண்டால் முகத்தைத் துடைத்தார், கேட்டால் விளக்குப் புகை என்றார். திரும்பி வரும்போது நீதான் சொன்னாய், இம்புட்டு அடியையும் வாயத் தொறக்காம வாங்குற மனுசன் நம்ம செல்விய ஒரு சொல்லு சொல்லுவாராம்மா என்று. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது, அப்பாவுக்கும் பட்டது, கோயிலில் கல்யாண ஓலை வாசித்தபோது தெருவே நம்மைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. யாராவது நிலம் பார்ப்பார்கள், வேலை பார்ப்பார்கள், குடிக்கிறானா என்று விசாரிப்பார்கள், நாம் வேஷத்தைப் பார்த்துப் பெண் கொடுத்தோம். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, நாம் எல்லாரும் சேர்ந்துதான் அழுதோம், சேர்ந்துதான் ஏமாந்தோம்.

அவர் அவளை முகத்தில் அடிக்க மாட்டாராம். முகத்தில் பட்டால் ஊர் கேட்கும். ஈரத்துண்டை முறுக்கி முதுகில்தான் அடிப்பார். ரவிக்கைக்கு உள்ளே இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள். அதிலும் நாற்பது நாள் தவசு காலம் வந்துவிட்டால் அவளுக்கு நரகம். வேஷத்துக்காகச் சாம்பல் புதனிலிருந்து ஒருசந்தி இருப்பார், கறி மீன் தொட மாட்டார், தாடி வளர்ப்பார், தெருவில் நடந்தால் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக் கும்பிடுவார்கள், வயசானவர்கள் சிலர் காலைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்வார்களாம். அந்தக் கும்பிடு அத்தனையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்து, கஞ்சி ஆறிப்போச்சு என்பார், உப்புக் கூடிப்போச்சு என்பார், அப்புறம் துண்டு. அவள் தாங்க முடியாமல் மாமியாரிடம் சொன்னதற்கு, சேசுநாதர் வேசம் கட்டுறவன் கை நீட்டுறான்னா அதுக்கு நீ என்ன செஞ்சியோ என்று கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரி, அவரப் போய்ச் சொல்றியே ஒனக்கு வாய் அழுகிப்போகும் என்று காதைப் பொத்திக்கொண்டாளாம். அதற்கு மேல் அவள் யாரிடம் போவாள். நம்மிடம் வரும்போதெல்லாம் நல்லா இருக்கேன்மா என்று சிரித்துவிட்டுப் போனாள், நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று மட்டும் உனக்கு எழுதினேன், எப்படி வந்தாள் என்று எழுதவில்லை. பாஸ்கு அன்றைக்கு மத்தியானம், அவர் வேஷத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். முகத்துக்கு அரிதாரம், தலைக்கு முள்முடி, மேலுக்குச் சிவப்புச் சாயம், இதெல்லாம் முடிகிற வரைக்கும் அவர் எழுந்திருக்க முடியாது, ஊர் மொத்தமும் பந்தல் பக்கம் போய்விட்டது. வருஷத்தில் அந்த ஒரு பொழுதுதான் அவர் பின்னால் வர மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கட்டின சேலையோடு, கையில் ஒரு செபமாலையோடு, மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் ஏறிவிட்டாள். அதே பஸ்ஸில் நம் தெருவுக்கு ஜவுளி கொண்டுவருகிற சேக் பரீது பாய் இருந்திருக்கிறார், அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, நம் வாசல் வரைக்கும் பத்தடி பின்னாலேயே நடந்து வந்து, இருங்க அண்ணே நான் போறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இன்றுவரை அவர் அதைப் பற்றி யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வெந்நீர் வைத்து அவளைக் குளிப்பாட்டினபோதுதான் அந்த முதுகைப் பார்த்தேன். அதை எழுத எனக்கு வராது இன்னாசி. நான் பெற்ற முதுகு அது.

வந்த புதிதில் வீட்டு வேலை எல்லாம் செய்வாள், பேச மாட்டாள். ஏதாவது பாத்திரம் விழுந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். அப்பா குரல்தான் உனக்குத் தெரியுமே, வீட்டில் செபமாலை சொன்னால் தெருக்கோடிக்குக் கேட்கும், அந்தச் சத்தத்துக்கே அவளுக்கு உடம்பு நடுங்கியது, அதைப் பார்த்த நாளிலிருந்து மனுஷன் குரலை அடக்கிக்கொண்டு ரகசியம் பேசுகிற மாதிரி அருள்நிறை மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். ஆனால் எனக்குப் பெரிய வேதனை அதில்லை. செபத்துக்கு உட்காரும்போது நம் சுவரில் இருக்கிற சிலுவைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். கோயிலிலும் வாசல்படி ஓரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள், பீடத்தின் பக்கம் தலை நிமிராது. இவளுக்கு விசுவாசம் போய்விட்டதோ என்று நான் பயந்து கேட்டதற்குத்தான் சொன்னாள், கண்ண மூடினாலும் தொறந்தாலும் அந்தத் தாடியும் முள்முடியும் அவரு மூஞ்சியாத்தாம்மா தெரியுது, நான் யாருகிட்டப் போயி வேண்டுறது என்று. அவள் உடம்பை அடித்தார், சரி, பேச்சைப் பிடுங்கினார், சரி, சேசுநாதரையுமா அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். அழுகிறவள் போய் நிற்க ஒரு இடம் உண்டென்றால் அது அந்தச் சிலுவையடிதானே, அங்கேயும் இவர் முகத்தை ஒட்டி வைத்துவிட்டாரே என்று அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல. தேவமாதாவிடம்தான் போய் முறையிட்டேன், நீயும் பிள்ளையை அடிபடப் பார்த்தவள்தானே, என் பிள்ளையை நீயே பார்த்துக்கொள் என்று.

மாதா கைவிடவில்லை. மடத்துச் சிஸ்டர்கள் அவளை ஓஸ்தி சுடுகிற வேலைக்குக் கூப்பிட்டார்கள், பூசைக்கு வைக்கிற அப்பம்தான், மாவைக் கரைத்து இரும்புத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றி நெருப்பில் காட்டி எடுத்து வட்ட வட்டமாக வெட்ட வேண்டும். சத்தமில்லாத வேலை, கருகாமல் எடுக்க வேண்டும் என்ற கவனம் ஒன்றுதான், அது அவளுக்கு ஒத்துக்கொண்டது. வெட்டி மிஞ்சுகிற ஓரங்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவாள், தெருப்பிள்ளைகள் செல்வியக்கா செல்வியக்கா என்று ஓடி வரும், அதுகளோடு செத்த நேரம் நின்று பேசுவாள், ஒருநாள் சிரித்தாள். இவ்வளவுக்கும் ஒரு வருஷத்துக்குமேல் ஆனது. அப்படியும் சிலுவையை மட்டும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, போன வருஷம் பெரிய வெள்ளிக்குச் சிலுவை முத்தி செய்ய ஊரே வரிசையில் முழந்தாளிட்டுப் போனபோது அவள் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

இந்த வருஷம் தவசு காலத்தில்தான் அது நடந்தது. பெரிய வெள்ளிக்கு ஆசந்தியில் கிடத்தித் தூக்கிப்போகிற பாடுபட்ட சேசுநாதர் மரச்சுரூபம் வருஷம் முழுக்கப் பெட்டியில்தானே இருக்கும், அதை வெளியே எடுத்துத் தூசி தட்டித் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வைக்கிறது நம் தெருப் பெண்கள் முறை. மடத்து மதர் செல்வியையும் வரச் சொல்லிவிட்டார். எதிர்வீட்டு அமலோற்பவம் உடனே முகத்தைச் சுளித்துக்கொண்டு, புருசன விட்டு வந்தவ சுரூபத்தத் தொடுறதாவது என்றாள். நான் விடுவேனா, சேசுநாதரக் கல்லறையில தேடிப் போன மதலேனம்மா எந்தப் புருசன் வீட்டுல இருந்து போனாளாம், அவளத்தான உயிர்த்ததும் மொதல்ல பாத்தாரு என்று கேட்டேன், அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். செல்வி முகத்துப் பக்கம் வரவில்லை. நாங்கள் முகம், கை, கால் எல்லாம் துடைத்து முடித்து, முதுகைத் துடைப்பதற்காகச் சுரூபத்தைக் குப்புறத் திருப்பிப் பிடித்தோம், முதுகுதானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மற்றவர்கள் அவளிடம் விட்டுவிட்டார்கள். துணியால் துடைத்துக்கொண்டே வந்தவள் கை நின்றுவிட்டது. நானும் பார்த்தேன், எத்தனையோ வருஷமாக அந்தச் சுரூபத்தைக் கும்பிடுகிறேன், அதுவரைக்கும் கவனித்ததில்லை. ஆசந்தியில் மல்லாக்கக் கிடக்கிற சுரூபத்துக்கு முதுகைச் செதுக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் செய்த ஆசாரி அங்கேயும் சாட்டையடி ஒவ்வொன்றையும் செதுக்கி, தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும் தடிப்புத் தடிப்பாக வைத்திருக்கிறான். செல்வி ஒவ்வொரு தடிப்பாக விரலால் தொட்டுப் பார்த்தாள். அம்மா, இவருக்கும் முதுகுலதாம்மா என்றாள். அப்புறம் துணியைக் கீழே வைத்துவிட்டு வெறும் உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, நான் அவளுக்கு அன்றைக்குத் தடவிவிட்ட மாதிரியே, மெதுவாக அந்த முதுகு முழுக்கத் தடவினாள். கண்ணீர் சுரூபத்தின்மேலேயே விழுந்துகொண்டிருந்தது. இவரு அடிச்சவரு இல்லம்மா, அடி வாங்குனவரு, நான் ஆளு மாத்தி நெனச்சுட்டேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அந்த அமலோற்பவமும் மூக்கைச் சிந்தினாள் என்றால் பார்த்துக்கொள். அன்றைக்குச் சாயங்காலம் செபமாலைக்குச் சிலுவையைப் பார்த்து உட்கார்ந்தாள் உன் தங்கச்சி. அப்பா வழக்கம்போல் முணுமுணுவென்று ஆரம்பித்தார், அப்பா சத்தமாச் சொல்லுங்கப்பா, காதுல விழுகல என்றாள். மனுஷன் குரலை எடுத்தார் பார், பழையபடி தெருக்கோடிக்குக் கேட்டது.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டியது. குருத்து ஞாயிறு அன்றைக்கு மத்தியானம் சந்தியாகு மாப்பிள்ளை தன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். தாடி, தோள்வரைக்கும் முடி, வெள்ளை வேட்டி, வாசலில் வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. வந்தவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசியிருக்கலாம், அதைச் செய்யவில்லை. வாசலிலேயே முழந்தாளிட்டு, இரண்டு கையையும் அகல விரித்து, என் பாவத்தைப் பொறுத்துக்கொள் செல்வி என்று அந்தப் பாஸ்குக் குரலிலேயே சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது. அந்தச் சித்தப்பா வெள்ளந்தி மனுஷர், அப்பாவிடம் வந்து, இன்னைக்கே அனுப்பிவச்சா நல்லது அண்ணே, எங்க ஊருக்குப் புதுசா வந்த பங்குச்சாமியாரு பொண்டாட்டியோட வாழாதவனுக்குச் சேசு வேசம் கெடையாதுன்னு கறாராச் சொல்லிப்புட்டாரு, பாஸ்குவுக்குள்ள புள்ள வந்துட்டா வேசம் தப்பிச்சுக்கும் என்று சொல்லிவிட்டார். கேட்டாயா இன்னாசி, அவள் போனது அவருக்கு இரண்டு வருஷமாக உறுத்தவில்லை, வேஷம் போகப்போகிறது என்றதும்தான் உறுத்தியது. உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினதும் அதற்காகத்தான்.

செல்வி உள்ளேயிருந்து வந்தாள். அவள் பின்வாசல் வழியாக ஓடிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன், என் பக்கத்தில் வந்து நின்றாள். எந்திரிங்க, இங்க பந்தல் போடல என்றாள். அவர் எழுந்தார். அப்புறம் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தெருவே கேட்டது. ஒங்க மேல எனக்கு ஆங்காரம் இல்ல, தெனமும் ஒங்களுக்காகச் செபமாலையில ஒரு பத்து மணி சொல்றேன், நல்லா இருங்க, ஆனா நான் வரமாட்டேன், நான் கும்பிடுறது அடி வாங்குன சேசுவ, அவரு என்னைய மறுபடியும் அடி வாங்கப் போன்னு சொல்லமாட்டாரு என்றாள். அவ்வளவுதான், சாந்தமாக இருந்த அந்த முகம் மாறிவிட்டது, கை மேலே போய்விட்டது. சித்தப்பா பாய்ந்து பிடித்துக்கொண்டார். வேடிக்கை பார்த்த அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் கவனித்தது வேறு, பாத்திரம் விழுந்தாலே சுவரில் ஒட்டிக்கொள்கிற என் பிள்ளை நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அமலோற்பவம் கோயிலில் வாங்கின குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே முன்னால் வந்து, பெரிய பாடுபட்டவரு போதும் போங்க, பஸ்ஸு போயிரும் என்று அவரைத் தெருமுனை வரைக்கும் விரட்டிக்கொண்டு போனாள். இப்போது குழாயடியில் என் குடத்துக்கு அவள்தான் காவல், அவள் இல்லாத நாளில்தான் அது கடைசிக்குப் போகிறது.

அதற்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. உன் வார்த்தைக்கு நான் மட்டும் பதில் சொன்னால் பெண்பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறேன் என்பாய் என்று, நம் பங்குச்சாமியாரிடமே போய்க் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார், மெய்விவாகக் கட்டு அறுந்துபோகவில்லை அம்மா, அவள் வேறொருவரைக் கட்ட முடியாது, ஆனால் அடிக்கிற கைக்கு அடியில் போய் இருந்தே ஆக வேண்டும் என்று திருச்சபை யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மன்னிக்கிறது வேறு, திரும்பிப் போய் முதுகைக் காட்டுகிறது வேறு என்றார். செல்வி வேறு கல்யாணத்துக்கு ஆசைப்படவில்லை, மடத்திலேயே ஓஸ்தி வேலையோடு சின்னப்பிள்ளைகளுக்கு ஞானோபதேசமும் சொல்லிக் கொடுக்கிறாள். மன்னிப்பைப் பற்றி எழுதியிருந்தாயே, அவள் மன்னித்துவிட்டாள், இன்னும் மன்னிக்காமல் இருக்கிறது நான்தான், அந்தத் தாடியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை துறுதுறுவென்கிறது, பாவசங்கீர்த்தனத்தில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சாமியாருக்கே அலுத்திருக்கும். பெரிய வெள்ளிக்கு அவள் எனக்கு முன்னால் முழந்தாளிட்டுப் போய்ச் சிலுவையை முத்தி செய்தாள், மற்றவர்கள் பாதத்தில் முத்தி செய்துவிட்டு எழுந்தார்கள், அவள் ஒரு நிமிஷம் நெற்றியை அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள், பின்னால் இருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. பாஸ்குவில் இந்த வருஷம் சேசு வேஷம் வேறு ஒரு இளவட்டத்துக்குக் கொடுத்தார்களாம், பாவம் பாதி வசனத்தை மறந்துவிட்டானாம், சேக் பரீது பாய் அந்தப் பக்கம் ஜவுளிக்குப் போனவர் வந்து சொன்னார். அதனால் என்ன, சேசுநாதர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆகவே மகனே, அந்த மனுஷனுக்கு நீ கொடுத்த வாக்கை நீயே கடிதம் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள். அவசரத்தில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்காகத் தங்கச்சியைக் கொடுக்க வேண்டியதில்லை. உன் மாமனார் வீட்டார் ஏதாவது பேசினால் என்னிடம் அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன். வைகாசியில் லீவு கிடைத்தால் கட்டாயம் வா, லூர்தையும் பேரனையும் கூட்டிக்கொண்டு வா, அவளைக் கொண்டுபோய் விட வராதே, அவளைப் பார்க்க வா. ரயிலில் ஜன்னல் ஓரம் பிள்ளையை உட்காரவைக்காதே, கரித்தூள் கண்ணில் விழும். அப்பா உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னார், என்ன எழுத என்று கேட்டதற்கு, வரச் சொல்லு, அவ்வளவுதான் என்றார், அவர் அவ்வளவு பேசினதே அதிகம்.

சர்வேசுரனும் தேவமாதாவும் உங்கள் மூன்று பேரையும் இரவும் பகலும் காத்து, நெருப்புக்கும் இரும்புக்கும் நடுவில் உன் கைகாலைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். கடைசியாக ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். சின்ன வயசில் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்னால் பதுங்கி வந்து செல்வி கண்ணைப் பொத்துவாயே, இந்தத் தடவை அதை மட்டும் செய்யாதே, தெருமுனையிலேயே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வா என்று எழுதிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து பேரனுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு, அத அடிச்சிருங்கம்மா, அண்ணன் எப்பவும்போலப் பின்னாடி வந்தே கண்ணப் பொத்தட்டும், அது அண்ணன் கைதான்னு எனக்குத் தெரியாதா என்கிறாள். நான் அடிக்கவில்லை, இரண்டையும் எழுதிவிட்டேன். கண்ணைப் பொத்தினாலும் பயமில்லை என்று அவள் நம்புகிற கை உன் கை, அதை எதற்குக் கொண்டுவருகிறாய் என்று யோசித்துக்கொண்டு வா.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ம. செபஸ்தியம்மாள்